மருதம்மாள் வைத்த கெடு

மலாயாவில், சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருதம்மாளுக்கும் எனக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டுப் பேச்சு எனக்கும், என் வீட்டுப் பேச்சு அவளுக்கும் கேட்காமல் இருக்க வழியே கிடையாது.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ஆறு மாத வேலை என்று எங்களை வேலை வாங்கும் தண்டல் வாய் கூசாமல் சொன்னான். அவள் புருஷன் அழகேசனும் போக வேண்டியதாயிற்று. மருதம்மாளுக்கு அப்போது நிறைமாதம். புறப்படுகிற காலையில் அவள் கிண்டலாகச் சொன்னது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“பிள்ளை பொறந்து நான் மறுபடி வீட்டுக்கு விலக்காகுறதுக்குள்ள வந்து சேருங்க.”

“மூத்தவ பொறந்தப்ப ஆறாம் மாசமே ஆயிட்டியே. அதுக்குள்ள வந்துருவேன்,” என்று அவரும் சிரித்தார்.

பையன் பிறந்தான். ஆறு மாதம் போயிற்று, ஒரு வருடமும் போயிற்று. அழகேசனும் வரவில்லை, விலக்கும் வரவில்லை. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம் அது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்தோம்; மூன்று வேளையும் கிழங்குதான். அதையும் மூத்தவள் தட்டில் தள்ளிவிட்டு இவள் பச்சைத் தண்ணீரைக் குடிப்பாள். பையனோ ராவும் பகலும் மாரை விடமாட்டான். போதாக்குறைக்கு, எனக்குப் பால் வற்றிப்போனதால் என் குழந்தைக்கும் அவள்தான் கொடுத்தாள்.

அடிக்கடி என்னிடம் வந்து, “அக்கா, இன்னும் ஆகல. அவரு வந்துருவாரு,” என்பாள். முகமெல்லாம் மலர்ந்திருக்கும். கெடு முடியவில்லை, ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறார். அப்படி ஒரு கணக்கு.

மருத்துவச்சி குணவதிக்குப் பொறுக்கவில்லை. “ஒனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுக்குற, வயித்துக்கும் ஒண்ணுமில்ல. ஒடம்புல தெம்பு இருந்தாத்தானே வரும்? இந்த லயத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு இதே கதிதான்.”

மருதம்மாள் அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். எனக்கும் குணவதி மேல்தான் ஆத்திரம். உண்மையைச் சொல்ல நேரம் காலம் வேண்டாமா?

சண்டை ஓய்ந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான பக்கிரிசாமி அவள் வாசலில் நின்று, தலை நிமிராமல், அழகேசன் வாந்திபேதியில் போய்விட்டார் என்றார். புதைக்கும்போது கூடவே இருந்தாராம். லயமே மாரடித்து அழுதது. மருதம்மாள் அழவில்லை.

“வேற யாரையாச்சும் பாத்திருப்பீங்கண்ணே,” என்று சொல்லி, அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்து அனுப்பினாள். அவள் தாலியைப் பற்றிப் பேச ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு அரிசி கிடைக்க ஆரம்பித்தது. அவளுக்குக் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. பையனும் சோற்றுக்குப் பழகி மாரை மறந்தான்.

ஒரு காலை நான் தண்ணீருக்குப் போகக் கதவைத் திறந்தேன். மருதம்மாள் தன் வாசலுக்கு வெளியே சாக்கை விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே விஷயம் புரிந்தது. மற்ற வீடுகளில் இது வந்தபோது உடம்பு தேறிவிட்டதென்று சந்தோஷப்பட்டார்கள். இவள் முகத்தை மூடிக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி ஓவென்று அழுதாள். கிட்டே போனேன். தீட்டு, தொடாதே என்று கையைக் காட்டினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

“அவரு செத்துட்டாருக்கா,” என்றாள்.