வாகிரா 'சாப்பிடுது' என்று சொல்லாத குட்டிகள்

எந்தப் பெட்டியின் மூடியைத் திறப்பதானாலும் வாகிரா முதலில் விரல்நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, "வரலாமா?" என்று கேட்பாள். ஆடு வளர்த்த காலத்தில் கொட்டில் படலைத் தட்டிக் கேட்டாள். கொட்டிலில் எலி வளர்த்தபோதும் கேட்டாள். எலிக்குப் பின்னால் பாம்பு வந்த இத்தனை வருடங்களாகவும் கேட்கிறாள். தெருவில் போகிறவர்கள், "பதில் வந்துச்சா இபு?" என்று சீண்டுவார்கள்; இபு என்றால் அங்கே அம்மா. "உங்க வீட்ல கதவத் தட்டினா மட்டும் உடனே வந்துருதாக்கும்" என்பாள்.

அவள் ஊரான பந்துலில் பாம்பு வளர்க்கும் பையன்கள் பெருகியபோது, அவர்களுக்குத் தீனிக்கு வெள்ளெலி விற்கத்தான் அவள் தொடங்கினாள். எலி வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை. முட்டையை உடைத்து வந்த குட்டி வாயே திறக்கவில்லை என்றார்கள். அவர்கள் செய்ததைக் கேட்டால் எதற்குத் திறக்கும் என்று தோன்றும். நாளுக்கு நாலு தரம் கையில் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், எலியை மூஞ்சியில் ஆட்டினார்கள். பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சாதி மலைப்பாம்பு அது. பயந்தால் பட்டினி கிடந்தே சாகும்.

வாகிரா அந்தக் குட்டிகளை வாங்கி, உடம்பு உரசும் அளவுக்குச் சின்ன டப்பாவில் போடுவாள். அடியில் தேங்காய் மஞ்சித்தூள், மேலே கசக்கிய செய்தித்தாள், வெதுவெதுப்பான ஒரு மூலை. முதல் சட்டை உரிக்கும்வரை தீனியின் பேச்சே கிடையாது. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, அதற்குப் பசிக்காது. சட்டை உரித்த பிறகு, அப்போதுதான் முடி முளைத்த எலிக்குஞ்சு ஒன்றைச் சூடு ஆறாமல் வைத்துவிட்டு அறையைச் சாத்திவிடுவாள். எடுக்காவிட்டால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

குட்டி தானாகப் பிடிக்க வேண்டும், தானாகச் சுற்ற வேண்டும், தானாக விழுங்க வேண்டும். அப்படி மூன்று முறை. மூன்றும் செரித்து வெளியே வந்த பிறகுதான் அவள் வாயிலிருந்து "சாப்பிடுது" என்ற சொல் வரும். வந்துவிட்டால், வெளியூர்களான யோக்யாவிலும் கிளாத்தெனிலும் குட்டியைப் பார்க்காமலே வாங்குவார்கள். ஊரில் அவளுக்கு இருந்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் எல்லோரும் 'மாஸ்', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பிரஸ்தோவோ தன் பெண்பாம்பு இட்ட முட்டைகளை அவளிடம் வாரத்துக்குக் கொடுத்தான். அங்கே ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்குக் கொடுப்பதுபோலத்தான்: வளர்ப்பது அவள், ஈற்றில் ஆளுக்குப் பாதி. எல்லாக் குட்டியும் சாப்பிட்ட பிறகு பிரித்துக்கொள்வது என்று பேச்சு. அதுவரை எது செத்தாலும் இருவருக்கும் நட்டம்.

குட்டிகள் சட்டை உரித்தன. சில முகர்ந்து பார்த்தன, ஒன்றுகூட எலியைப் பிடிக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டில் கல்யாணம் வந்தது. தெருவில் கல்யாணம் என்றால் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு அடுப்படியில் இருந்தாக வேண்டும். வாகிரா பலாக்காய் வேகும் அண்டாவின் முன்னால் நின்றாள். அவள் அங்கே நிற்பாள் என்று தெரிந்துதான் பிரஸ்தோவோ அன்றைக்கு வந்தான்.

திரும்பி வந்தவள் அலமாரியைப் பார்த்தாள். மூன்று டப்பா மட்டும் இருந்தன. கணவர் துகிரான் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மீதி எங்க?"

"மாஸ் பிரஸ்தோவோ வந்திருந்தார். ஞாயித்துக்கெழம சங்கக் கூட்டத்துல விக்கணுமாம். சாப்பிட வச்சதையெல்லாம் எடுத்துட்டுப் போனார்."

"எப்படிச் சாப்பிட வச்சார்?"

"இடுக்கியால."

வாகிரா முந்தானையை உதறிவிட்டு உட்கார்ந்தாள். "வாயப் பிளந்து திணிச்சாரா?"

"ஒவ்வொண்ணையும் போன்ல படம் வேற புடிச்சார்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"இங்கதான்னா?"

துகிரான் கோப்பையைத் துடைத்து வைத்தார். "வெளக்கு புடிச்சேன்."

"வெளக்கு வேறயா?"

"வீட்டுக்கு வந்த மனுஷன். 'பாக் துகிரான், கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க'ன்னு ஐயா போட்டு மரியாதையா கேட்டார். எப்படி மாட்டேங்கிறது?"

"மரியாதையா கேட்டா கூரையையும் பிரிச்சுக் குடுப்பீங்களா?"

"ஏணி கேட்டிருந்தா குடுத்துத்தான் இருப்பேன்" என்றார் துகிரான். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அந்தக் கூட்டம் நடக்கும் முன்பே குட்டிகள் போனில் விற்றுத் தீர்ந்தன. ஒவ்வொரு படத்திலும் குட்டியின் வாயில் எலி இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'இபு வாகிராவின் கையில் சாப்பிடத் தொடங்கியவை.'

அடுத்த வாரம் கிளாத்தெனிலிருந்து நஸ்திதி என்ற பெண் வந்தாள். குடைப் பட்டறையில் வேலை செய்பவள். மடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இபு, நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

வாங்கி வந்த அன்றைக்கே குட்டி எலியைக் கக்கிவிட்டதாம். பயந்துபோய் மறுநாள் இன்னொன்று வைத்தாளாம். குளிருகிறதோ என்று விளக்கைக் கூட்டினாள், சுடுகிறதோ என்று குறைத்தாள். இன்று காலையில் பார்த்தால் அசைவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு."

"சாப்பிடுற குட்டின்னு போட்டிருந்துச்சு. உங்க பேரு போட்டிருந்துச்சு. அப்ப என் கைக்கு வந்துதானே சாப்பிடல?"

நடந்ததை வாகிரா விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். ஆனால் பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வதைக் கேட்கிறவர்கள் தலையாட்டுவது போலத்தான் ஆட்டினாள். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் கிளம்பும்போது வாகிரா சொன்னாள்: "உனக்கு நான் ஒரு குட்டி தரணும். தானா சாப்பிடுற குட்டி. தருவேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் கூடும் சதுக்கத்துப் புல்வெளிக்கு அவளே போனாள். கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரஸ்தோவோ அவளைப் பார்த்ததும் பாயில் இடம் ஒதுக்கினான்.

"வெயில்ல வந்திருக்கீங்க இபு. உக்காருங்க மொதல்ல. டேய், இபுவுக்கு டீ கொண்டா."

"நின்னே பேசுறேன். சாப்பிடாத குட்டிய சாப்பிடுதுன்னு வித்திருக்கீங்க. எம் பேரப் போட்டு."

"படம் இருக்கே இபு. எல்லாத்து வாயிலயும் எலி இருக்கே."

"உங்க மூக்கப் புடிச்சு வாயில ஒரு உருண்டை சோத்தத் திணிச்சு நான் படம் எடுத்தா, நீங்க பசியாறிட்டீங்கன்னு அர்த்தமா மாஸ்?"

"மாஸுக்கு ஒரு உருண்டை பத்தாது இபு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பிரஸ்தோவோவும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் தப்பித்துக்கொண்டான்.

"மூணு குட்டிய உங்ககிட்டதானே விட்டுட்டு வந்தேன்? அது உங்க வாரம். தீந்துச்சு இபு."

"உங்க இடுக்கிக்கு வாய் திறக்காதது எனக்கு வாரமா?"

சங்கத்தில் மூத்தவரான ஹர்சோயோ எழுந்து வந்தார். "நாமெல்லாம் ஒரே குடும்பம் இபு. மனசு கோணாம பேசித் தீத்துக்கலாம்." சுற்றி நின்றவர்கள் புல்லைப் பார்த்தார்கள். செத்த குட்டிகள் எத்தனை, அவற்றை வாங்கியவர்கள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "எம் பேர எடுங்க" என்றாள் வாகிரா. பிரஸ்தோவோ போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே, பணிவாகச் சிரித்தபடி அழித்தான். டீ வந்தது. அவள் தொடவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய சண்டை போட முடியாது.

ஒரு பாம்புக்குட்டிக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். துகிரானே கேட்டார். அவளும் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இடுக்கி நுழைந்த வாய்க்காகவா, தன் பெயருக்காகவா, கிளாத்தென் பெண்ணுக்காகவா? பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. பிரிக்க எதற்கு?

மீந்த மூன்றில் ஒன்று செத்தது. ஒன்று முகர்ந்து முகர்ந்து விலகியது. மூன்றாவது, வால்நுனியில் வெள்ளைத் திட்டு உள்ள குட்டி, ஒரு மாலையில் எலிக்குஞ்சைப் பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. அவள் கதவிடுக்கில் மூச்சை அடக்கி நின்றாள். அடுத்த வாரமும் பிடித்தது. அதற்கடுத்த வாரமும். மூன்றும் செரித்த பிறகு, "சாப்பிடுது" என்று துகிரானிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ரொம்ப நன்றி இபு" என்றாள் நஸ்திதி. "நோன்புப் பெருநாள் முடியட்டும், பாக்கலாம்."

அங்கே 'பாக்கலாம்' என்றால் வேண்டாம் என்று பொருள். வாகிராவுக்கும் தெரியும். ஆனாலும் பெருநாளுக்கு மறுநாள் டப்பாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, துகிரானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கிளாத்தெனுக்குப் போனாள். வழியில் போன் சிணுங்கியது. பெருநாள் வழக்கப்படி ஓலைக் கொழுக்கட்டைப் படம் போட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்க வேண்டி பிரஸ்தோவோ ஊர் முழுக்க ஒரே செய்தியை அனுப்பியிருந்தான்.

நஸ்திதி பலகாரத் தட்டு வைத்தாள். பிறகு, பெருநாளில் சிறியவர்கள் பெரியவர்களிடம் செய்வதுபோல, வாகிராவின் முன் மண்டியிட்டு அவள் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க இபு. உங்க குட்டியச் சாகடிச்சிட்டேன்."

வாகிரா கையை இழுத்துக்கொண்டாள். மன்னிப்பு கேட்க வேண்டியவன் கொழுக்கட்டைப் படம் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். "எழுந்திரு. நீ கேக்கக்கூடாது" என்றாள். குரல் அதட்டலாக வந்துவிட்டது. அந்தப் பெண் இன்னும் சுருங்கினாள். டப்பாவை நீட்டியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் இபு. இதுவாவது பொழைக்கட்டும்."

டப்பா மறுபடி பந்துலுக்கே வந்தது. குட்டி இப்போது பெரிய பெட்டிக்கு மாறிவிட்டது. வளர்ந்த எலியைக்கூட மிச்சம் வைப்பதில்லை. நல்ல விலைக்குக் கேட்டு பிரஸ்தோவோ ஆள் அனுப்பினான்.

"அது நஸ்திதியோடது" என்றாள் வாகிரா.

"அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களாமே இபு?" என்றான் வந்தவன்.

"வாங்கிக்கிறது அவ இஷ்டம். தர வேண்டியது நான்."