பீலெஃபெல்ட் பிள்ளையின் நம்பர்

படிப்பு விஷயமென்றால் தங்கை வீட்டார் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள் என்று நான் அப்போதே சொன்னேன். இன்று வந்துவிட்டார்கள்.

வேலை முடிந்து, கால் இரண்டும் கடுக்க, ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் இருந்தேன். பக்கத்தில் தங்கையின் மகள் தாரணி. அமெரிக்காவில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமாம். இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாம். ஆனால் கிடைத்தால் கட்டாயம் அங்கேதான் போகவேண்டுமாம்.

"கண்ணை மூடிக்கொண்டு போடு பிள்ளை," என்றேன். அந்த நாட்டுப் படிப்பு விவகாரமெல்லாம் எனக்கு அத்துப்படி.

"பிறகு இஞ்ச மெடிசின் கிடைச்சாலும் படிக்க ஏலாது மாமா. அம்மாவும் தனிய."

"பீலெஃபெல்டில என்ர சினேகிதன்ர மகள் அப்பிடிப் போட்டுத்தானே எடுபட்டவள்!"

இந்தக் கதையைத் தேவாலய வாசலில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அவளுடைய புள்ளிகளும் ஏறிக்கொண்டே போகும்.

தாரணி போனை எடுத்தாள். "அப்ப அந்த அக்கான்ர நம்பரைத் தாங்கோ. அவா ஓம் எண்டு சொன்னா இண்டைக்கே போடுறன்."

அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். என் வீட்டுக்கு இன்னும் நாலு ஸ்டேஷன் இருந்தது. கடுக்கிற காலோடு நடந்தேன்.

உங்களில் யார் வீட்டிலாவது அப்படி விண்ணப்பித்து இடம் கிடைத்த பிள்ளை இருந்தால், தயவுசெய்து நம்பரை அனுப்புங்கள். தாரணி மூன்று தரம் அழைத்துவிட்டாள்.

பீலெஃபெல்ட் என்றொரு ஊரே இல்லை என்று ஜெர்மன்காரர் பகிடி விடுவார்கள். ஊர் இருக்கிறது. பிள்ளைதான் இல்லை.