ரசத்துக்குத் தனி டெபிட்

சோறு விற்கிறவனுக்கு உப்பு காரம் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஊரில் சாப்பிட வருகிறவரின் பேங்க் எத்தனை கண்டிஷன் போடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் சன்னிவேல் என்ற ஊரில், எல் கமினோ ரோட்டை ஒட்டிப் பன்னிரண்டு நாற்காலி போட்ட மெஸ் எங்களுடையது. அடுப்பு செல்வியம்மா பொறுப்பு, கல்லா என் பொறுப்பு. மாதச் சாப்பாடு எடுப்பவர்கள் நாற்பது பேர். ஒண்ணாம் தேதியானால் அவரவர் பேங்க் கணக்கிலிருந்து பணம் தானாக எங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஆட்டோ டெபிட் என்பார்கள். கடை வாடகையும் செல்வியம்மா சம்பளமும் அதிலிருந்துதான். கல்லாவில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே நான் சொல்லப்போவதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள்.

கையால் மூடிய ஃபாரம்

ஆட்டோ டெபிட்டுக்கு ஒரு ஃபாரம் உண்டு. பேங்க் கணக்கு நம்பரை அதில் எழுதித் தர வேண்டும். கார்த்திக் என்று ஒரு கம்ப்யூட்டர் தம்பி, பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடுவானோ என்று பயந்தவர் மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் போனால் விடவில்லை. அந்தப் பக்கம் அவர் பிடி, இந்தப் பக்கம் என் பிடி.

"இவ்வளவு பயமிருந்தா வேணாம் தம்பி, ரொக்கமாவே குடுங்க" என்றேன். அப்போதுதான் விஷயம் வந்தது. அவருடைய பேங்க் நல்ல வட்டி தருகிறதாம். ஆனால் மாதம் ரெண்டு ஆட்டோ டெபிட் அந்தக் கணக்கிலிருந்து போனால்தான் வட்டியாம். ஒன்று போன் பில், இன்னொன்று நம்ம சோறு. சரி, அப்புறம் ஏன் விட மாட்டேன் என்கிறார்?

"அங்கிள், நீங்க நல்லவர்தான். ஆனா உங்க கம்ப்யூட்டர் நல்லதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குடிக்காத ரசம்

மூன்று மாதம் கழித்து வாடிய முகத்தோடு வந்தார். போன் பில்லை அவருடைய மாமனார் ஃபேமிலி பிளானில் சேர்த்துக்கொண்டாராம். ஒரு டெபிட் போச்சு, அதோடு அந்த மாத வட்டியும் போச்சு. மாமனார் செய்த உதவியை இப்படி அழுதுகொண்டே சொன்னவரை நான் பார்த்ததில்லை. "சாப்பாட்டை ரெண்டாப் பிரிச்சுடுங்க அங்கிள். மீல்ஸ் ஒரு டெபிட், ரசம் ஒரு டெபிட். ரசத்துக்கு ஒரு டாலர் போட்டாப் போதும்" என்றார்.

எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று மனசு சொன்னது. ஆனாலும் வாடிக்கை போய்விடுமே. சரியென்று டெபிட்டைப் பிரித்துவிட்டு, ரசத்தைத் தனி டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"எனக்கு ரசமே பிடிக்காது அங்கிள். டெபிட் மட்டும் போதும்."

வீட்டுக்கு ரெண்டு ரகசியம்

கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, ரெண்டே மாதத்தில் முப்பது பேருக்கு ரசம் தனி டெபிட் ஆகிவிட்டது. சுதா என்று ஒரு பெண் காலையில் வந்து, தன் பேரில் ஒரு ரசம் போடச் சொன்னார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வட்டிக் கணக்கு வைத்திருக்கிறாராம். பேச்சில் வர வேண்டாம் என்று சத்தியம் வாங்காத குறை.

அன்று சாயங்காலமே அவருடைய வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு ரசம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"சுதாவுக்குத் தெரிய வேணாம் அங்கிள். தெரிஞ்சா அந்த வட்டியையும் வீட்டு லோன்ல கொண்டு போடுவா."

யார் அந்த ஆள்?

மாதக் கடைசியில் எங்கள் மெஸ்ஸின் பேங்கிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். வெள்ளைக்காரம்மா. முப்பது பேரிடமிருந்து சொல்லி வைத்த மாதிரி 'ரசம்' என்ற பேரில் ஒவ்வொரு டாலர் வருவது அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. டெபிட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறோம், உங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் நாங்களே பேசுவோம், அவர் 'ஆமாம், நான்தான் கட்டுகிறேன்' என்றால் திறந்துவிடுவோம், இல்லையென்றால் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்றார். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாலே நாள்.

இங்கிலீஷ் சுத்தமாகப் பேசுகிறவர், இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் என்று கார்த்திக் நம்பரைக் கொடுத்தேன். 'பேங்கிலிருந்து கூப்பிடுவாங்க, பதில் சொல்லுங்க தம்பி' என்று அவருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது:

"மிஸ்டர் ரசம் யாரு? மாசாமாசம் இத்தனை பேர் எதுக்கு அவருக்குப் பணம் கட்டுறாங்க?"

மாட்டாத மனிதர்

மறுநாள் மத்தியானம் கார்த்திக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். "யாரோ பேங்க் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க அங்கிள். மெஸ்ஸுக்குப் பணம் கட்டுறீங்களான்னு கேட்டாங்க. எனக்கு எந்த மெஸ்ஸும் தெரியாது, ரசம்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லி வெச்சுட்டேன். நாமளா மாட்டுவோம்?"

செல்வியம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "ஏன் தம்பி, அண்ணன்தான் முன்கூட்டியே மெசேஜ் போட்டாரே!"

"அதான் ஆன்ட்டி சந்தேகமே. அங்கிள் போனையும் ஹேக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சு அந்த நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன்."

பேங்க் படி ஏறியது

அவருக்குச் சாப்பாடு போடாமலே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பேங்கில் அந்த அம்மா உட்காரச் சொன்னார். கார்த்திக் உட்காரவில்லை, முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றார். எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அந்த அம்மா நல்ல மனுஷி, கழற்றிக் காட்டினார். இவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

அப்புறம்தான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னார். ஆமாம், நான்தான் கட்டுகிறேன். ரசம் ஆள் இல்லை, மிளகும் புளியும். ரெண்டு டெபிட் வேண்டும், அதற்காகத்தான். தன் பேங்கின் கண்டிஷனைப் போனில் எடுத்து நீட்டினார். அந்த அம்மா நிதானமாகப் படித்தார். வாங்காத பொருளுக்கு நான் காசு எடுத்தது தப்பு என்று எனக்கும் நாலு வார்த்தை விழுந்தது, விழ வேண்டியதுதான். குடிக்காதவர்களுக்கு ரசக் காசைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் தீர்ப்பு:

"டெபிட்டைத் திறந்து விடுறேன். ஆனா ஒரு ஆளுக்கு மாசம் ஒண்ணுதான். இனிமே சாப்பாட்டைப் பிரிக்காதீங்க."

முப்பத்தொன்பது

ஒண்ணாம் தேதி பணம் வந்தது. வாடகை போயிற்று, செல்வியம்மாவுக்கும் சம்பளம் கொடுத்தேன். ஆனால் வந்தது முப்பத்தொன்பது பேர் பணம். ஒன்று குறைந்தது. யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

மத்தியானம் அவரே வந்தார். ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிட்டாராம். ஒரு செக்கை எழுதி, நாலாக மடித்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிரித்துப் பார்த்தேன். அடியில் அவருடைய கணக்கு நம்பர் முழுசாக, கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"இனிமே செக்குதான் அங்கிள். வட்டியே வராதப்போ என் அக்கவுன்ட் நம்பர் எதுக்கு உங்ககிட்ட இருக்கணும்?"

இத்தனை வருஷத்தில் நான் போட்ட சோற்றை வாயில் வைக்கும் முன் என்னை ஒருவரும் சந்தேகமாகப் பார்த்ததில்லை. வயிற்றை நம்பிக் கொடுக்கிறவர்கள்தான் நம்பரைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள்.