வெட்டுகிறவன் முகம்

அந்தப் படத்தைக் கோவிலில் மாட்டிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தாதேயோவிடம் தண்ணீர் வாங்குவது குறைந்தது. மூன்றாவது வாரம் அடியோடு நின்றுவிட்டது. விடியுமுன் ரோமின் திபேர் ஆற்றில் மொண்டு, தொட்டியில் நாலு நாள் தெளியவைத்து, கழுதை முதுகில் இரண்டு பீப்பாய்களாகக் கட்டி, திரஸ்தேவரே சந்துகளில் பதினோரு வருடமாக விற்று வருகிறவன் அவன். ஆற்றுத் தண்ணீர் குடித்தால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், ஊற்றுத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்று சத்தியம் செய்கிற ஜனங்கள் இவர்கள். அவர்களே இப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போனார்கள்.

ஆள் பார்க்கக் கரடுமுரடானவன்தான். பாரம் தூக்கித் தூக்கிக் கழுத்து தடித்து, ஒரு பக்கத் தோள் இறங்கிப் போயிருந்தது. சின்ன வயதில் உடைந்த மூக்கு கோணலாகவே கூடிவிட்டது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டான். பெருவெள்ளம் வந்த கிறிஸ்துமஸில் அப்பனும் வீடும் ஒன்றாகப் போனபோது, மறுநாள் காலையில் சேற்றிலிருந்து கழுதையை இழுத்து வெளியே விட்டவன், மத்தியானம் தண்ணீர் விற்கப் போய்விட்டான். மற்றபடி ஒரு கோழியைக்கூட அவன் அறுத்ததில்லை. அதற்கெல்லாம் அவன் பெண்டாட்டி கமில்லாதான்.

முன்பெல்லாம் ஓவியர்கள் வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளை வரைந்தால் அது யாருடைய முகமாகவும் இருக்காது. கொல்கிறவனும் சாகிறவளும் கையை நீட்டி அழகாக நிற்பார்கள். யாருக்கும் வம்பில்லை. இப்போது கிளம்பியிருக்கும் புது ஆட்களுக்கு அது போதவில்லை. நிலவறைச் சுவருக்குக் கறுப்பு அடித்து, உயரத்தில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அழுக்கு நகத்தோடு அப்படியே படத்தில் இறக்கிவிடுகிறார்கள். கர்தினால்கள் போட்டி போட்டுக்கொண்டு படம் கேட்கிறார்கள். பக்தி வளர்கிறதாம். வளரட்டும், எனக்கென்ன! முகத்தைக் கொடுத்தவனை யாராவது கேட்டார்களா?

அப்படி ஒரு புது ஆள்தான் கொர்வினோ மேஸ்திரி. வேதசாட்சி ரூபீனாவைத் தலை வெட்டிக் கொன்ற கதையை வரைய அவருக்கு வெட்டுகிறவன் தேவைப்பட்டான். தாதேயோவைப் பிடித்தார். மதியச் சாப்பாடும் திராட்சை ரசமும் கொடுத்து ஏழு நாள் வாளோடு நிற்க வைத்தார். ரூபீனாவாகத் தரையில் கிடந்தது சலவைக்காரி புரூனா, சந்தையே காதைப் பொத்திக்கொள்ளும் வாய்க்காரி. படம் மாட்டியபின் அவளிடம் பெண்கள் நோய்ப்பிள்ளையைக் கொண்டுபோய்த் தலையைத் தொடச் சொல்கிறார்கள். அவளும் கண்ணை மூடித் தொடுகிறாள்.

தாதேயோவுக்கு வேறு மரியாதை நடந்தது.

"பாத்தியாடி, அதே கோண மூக்கு! இவன் கையாலயா இத்தன நாளு தண்ணி குடிச்சோம்!"

"யோவ், வாள எங்க ஒளிச்சு வச்சிருக்க? பீப்பாய்க்குள்ளயா?"

முதலில் அவனும் சிரித்துப் பார்த்தான். சிரித்தால் இன்னும் மோசம். கொலைகாரன் சிரிக்கிறான் பார் என்றார்கள்.

அதையும் தாங்கியிருப்பான். ஆனால் ஒருநாள் மாமியார் பெத்ரோனில்லா வந்து வாசலில் நின்றாள். கமில்லாவுக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன்னால் தரித்த மூன்றும் தங்கவில்லை.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. வயித்துப்புள்ளக்காரி தெனம் கொலகாரன் மூஞ்சியில முழிக்கக் கூடாது. கண்ணு பாக்குறது வயித்துல பதியும். மூணு போயாச்சு. இதுவும் போகணுமா?"

"அது நான் இல்ல அத்த. வெறும் சாயம்."

"சாயமோ மாயமோ, மூக்கு உங்களுதுதான? புள்ள பொறந்து ஞானஸ்நானம் ஆகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

கமில்லா துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். அவன் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமியார் பேசியதைவிட அதுதான் அவனைக் கொன்றது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாலும் தன்னைத் தூக்கவிடமாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

மேஸ்திரியிடம் ஓடினான்.

"மேஸ்திரி, அந்த மூக்க மட்டுமாவது நேராக்கிடுங்க."

கொர்வினோ தூரிகையைக் கீழே வைக்கவேயில்லை. "போன வாரம் கர்தினால் வீட்டு வண்டி வந்து நின்னுச்சே, யாரப் பாக்க? ரூபீனாவயா? உன்னத்தான்யா! கோவமே இல்லாம ஒருத்தன் வெட்டுறானே, அது எப்படின்னு வாயப் பொளந்து நிக்கிறாங்க. அத நானே கெடுப்பனா?"

"என் பொண்டாட்டி போயிட்டா மேஸ்திரி."

"வந்துருவா, வந்துருவா. அடுத்தது யூதாஸ் வரையப் போறேன். நிக்கிறியா?"

பங்குச் சாமியாரிடம் போனான். "படத்தப் பாத்துச் சனங்க பாவத்துக்குப் பயப்படுறாங்க. நல்லதுதான? நீயும் கொஞ்சம் பயப்படு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகுதான் அவன் அந்த முடிவுக்கு வந்தான். சாப்பாடு முடிந்து ஊரே கதவடைத்துத் தூங்கும் மத்தியானத்தில், பீப்பாய்க்குக் கயிறு அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனான். அந்த முகத்தைச் சுரண்டிவிட்டால் தீர்ந்தது. பிடிபட்டால் கையை வெட்டுவார்களோ, படகில் துடுப்புப் போட அனுப்புவார்களோ, அதெல்லாம் பிறகு.

படத்துக்குக் கீழே, பீடத்துக்கு முன்னால் ஒருத்தி முழங்கால் போட்டிருந்தாள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கமில்லா.

"வந்துட்டியாய்யா" என்றாள், திரும்பாமல். ஈரச் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியாதா!

"நீ இதப் பாக்கக் கூடாதுன்னு உங்கம்மா..."

"அது தூங்குது. நான் தெனம் வர்றேன்."

"எதுக்கு?"

"இந்த மூஞ்சிய எனக்கு முன்னாடியே தெரியும். அது என்னன்னுதான் புரியல, அதான் வந்து பாக்குறேன்." அவள் குரலில் கோபமில்லை. "மூணாவதத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனியே, அன்னிக்கு வாசப்படியில இதே மூஞ்சியோடதான் நின்ன. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. பீப்பாயத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போன. அன்னிலேர்ந்து எனக்கு உன்னக் கண்டா பயம். ஊருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

அவள் வீட்டைவிட்டுப் போனது அம்மாவின் பேச்சைக் கேட்டு அல்ல. அப்போதுதான் அவன் படத்தை முதல் தடவையாக நின்று பார்த்தான். வாளை ஓங்கியவன் புரூனாவின் கழுத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, அவள் மேல் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ கெடக்குறவளப் பாருன்னு சொன்னாரு மேஸ்திரி" என்றான். இத்தனை வார்த்தை அவன் அதற்கு முன் அவளிடம் பேசியதில்லை. "அவளப் பாக்க முடியல. அந்தத் துணியத்தான் பாத்தேன், ஏழு நாளும். நம்ம புள்ளையச் சுத்தின மாதிரியே இருந்துச்சு. வேற ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியல கமில்லா. அழுகை வந்தாத்தான அழ முடியும்? எனக்கு மூஞ்சி இப்படித்தான் ஆகுது."

மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, புதைக்கக் கோவில் மண்ணும் கிடையாது. எங்கே கொண்டுபோனாய் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"எங்க வச்ச?"

"ஆத்தோரம். தண்ணி மொள்ளுற எடத்துக்கு மேல, வெள்ளம் ஏறாத மேட்டுல. மூணும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. தெனம் காலையில அங்க போயிட்டுத்தான் மொள்ளுவேன்."

அவள் அழுதாள், குலுங்கிக் குலுங்கி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவன் முகம் மட்டும் அப்படியேதான் இருந்தது. அவள் திரும்பி, அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"காலு மரத்துப் போச்சு. கையக் குடு, எந்திரிக்கிறேன்."

வலது கையை நீட்டினான். அதில் கத்தி இருந்ததை அவனே மறந்துபோயிருந்தான். அவள் கத்தியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கை வேணாம்" என்றாள். "இன்னொரு கையக் குடு."