கோவளத்தில் அவிழ்த்துப் போட்ட கட்டுமரம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். எனக்கும் என் கணவர் தேவராஜுக்கும் இரண்டு நாளாகப் பேச்சில்லை. காரணம், அகராதி. ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து கப்பலேறிப் போனது என்று எங்கள் சேலையூர் முழுக்கப் பெருமையடித்தார். அதோடு விட்டாரா? இரண்டு அடிப்பாகம் சேர்த்த படகு என்று அகராதியில் ஒரு பொருளாம், சண்டைக்காரி என்று இன்னொரு பொருளாம். “நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே, எஸ்தர்!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிஜமான கட்டுமரத்தைப் பார்க்க அவர் கிளம்பியபோது, டிபன் கேரியரில் இட்லி எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறிக் கோவளம் சேர ஒன்பதாகிவிட்டது. கடலுக்குப் போன கட்டுமரங்களில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதில் போனவருடைய மனைவி ஆரோக்கியம், காலிக் கூடையோடு நின்று கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். “வரட்டும் அந்தாளு, இன்னிக்கு கீது அவனுக்கு!”

சற்றுத் தள்ளிப் போயிருந்த என் கணவர் திடீரென்று அலறினார். “ஐயையோ! கட்டுமரம் உடைஞ்சு கிடக்குது!”

கூடையை எறிந்துவிட்டு ஆரோக்கியம் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மணலில் நாலைந்து மரங்கள் தனித்தனியாகக் கிடந்தன, பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறு. அது ஆரோக்கியத்தின் பக்கத்து வீட்டுக்காரருடைய கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள், அடுத்த முறை போகும்போது மறுபடி கட்டுவார்கள். அது எங்களுக்கு எங்கே தெரியும்!

“இன்னா சார், இப்படியா கத்துவே? என் உசுரே பூட்ச்சி!” என்று அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. பாவமாக இருந்தது, இருவரையும் பார்க்க.

தண்ணீர் கொடுத்தேன். “அழணும்னா அழுதுடும்மா,” என்றேன்.

“திட்டிகினு இருந்தா அழுவ வராதுக்கா. வாயை மூடினேன்னா, அவ்ளோதான்.”

பத்தரைக்கு அந்தக் கட்டுமரம் வந்தது. “காத்து நின்னு பூட்ச்சி,” என்றார் அவள் புருஷன். அவரை வாயாரத் திட்டிக்கொண்டே அவள் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே மறுமுனையை அவிழ்த்தார். என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மரம் தூக்கத் தோள் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் வண்டலூர் தாண்டியதும் அவர், “ரயில் லேட்டாகி நான் வர்ற அன்னிக்கெல்லாம் நீ கத்துறியே, எஸ்தர், அதுவும்…” என்று ஆரம்பித்தார்.

“ஆமா,” என்றேன்.

அவர் என் மடியிலிருந்த டிபன் கேரியரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.