கைகளைப் பின்னால் கட்டி நின்றவர்

செய்தி காதில் விழுந்தபோது எனக்கு விளங்கவில்லை. நூலகத்தின் மூன்றாவது கணினி வழக்கம்போல் நின்றுபோக, அதன் பின்னாலிருந்த வயர்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தலைமன்னார் வீதியில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போனது. கீரிக் கிராமத்தைச் சேர்ந்த மரிய றெஜினா என்று தொடங்கி, தகப்பன் பெயர், தமையன் பெயர் என்று நீண்டது. யாரோ பாவம் என்று நினைத்தபடி அடுத்த வயரை எடுத்தேன். பத்திரிகை மேசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அருளப்பு எழும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"சேர், உங்கட மிஸ்ஸையல்லோ சொல்லுறாங்கள்," என்றார்.

எங்களுக்கு அவர் றெஜினா. ஊருக்கு அவர் கணினி மிஸ். முழுப்பெயரை நான் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சுகமில்லாமல் லீவில் நின்றவர், மாரி முடிய வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நாங்களும் நம்பி, அவருடைய கதிரையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோம். அன்று பின்னேரம் நூலகத்தை நேரத்துக்கே பூட்டினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று அவருடைய தமையன் கேட்டார். பக்கத்து மேசையில் இருந்தவன் என்பதால் கேட்டிருப்பார். இதை வாசிக்கும் உங்களில் அநேகமானோர் அந்த அறையில் ஒருநாளாவது அவரோடு வாக்குவாதப்பட்டவர்கள்தான். நான் தினமும் பட்டேன்.

கணினி அறை என்பது பெயருக்குத்தான். கிழிந்த புத்தகங்களைப் போட்டு வைத்திருந்த அறை அது. ஒரு நிறுவனம் வந்து கணினிகளை இறக்கிவைத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அவற்றை உப்புக்காற்று தின்னத் தொடங்கியது. காற்றுக் காலத்தில் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் மணல் கொட்டும். மின்சாரம் நினைத்த நேரம் போகும். அது வந்தாலும் இணையம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. எனக்கு அந்த அறை ஒரு பெரிய தலையிடி. றெஜினா அதைத் தானாகவே கேட்டு எடுத்துக்கொண்டார்.

அவருடைய வேலைமுறை உங்களுக்குத் தெரியும். கதிரையில் வந்தவர்தான் இருக்கவேண்டும். றெஜினா பின்னால் நிற்பார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. வாயால் சொல்லுவாரே தவிர விசைப்பலகையைத் தொடமாட்டார். பேசாலையில் இருந்து கடவுச்சீட்டுக்கு நாள் எடுக்க வந்த ஒரு மீனவர், வலை இழுத்துக் காய்த்த விரலை எடுக்கத் தெரியாமல் அழுத்தி, பெயர் எழுதவேண்டிய இடம் முழுக்க ஒரே எழுத்தால் நிரப்பிவிட்டார். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. ஒருவர் என்னைப் பார்த்து முறைத்தார்.

"நீர் அடிச்சுக் குடுத்தால் கையோட முடியிற வேலை. ஏன் சனத்தை மினக்கெடுத்துறீர்?" என்று கேட்டேன்.

"நான் தொட்டால் அது என்ர வேலை, அண்ணை. அவர் தொட்டால் அவற்ற வேலை," என்றார். பிறகு அந்த மனிதரிடம், "ஐயா, இப்ப அழியுங்கோ. மெதுவா. கொத்தாதேங்கோ, தொடுங்கோ," என்றார்.

அந்தக் காலை முழுவதும் அந்த ஒரு பெயரிலேயே போனது. மற்றவர்கள் புறுபுறுத்துக்கொண்டு பத்திரிகை வாசித்தார்கள். போகும்போது அந்த மீனவர் என்னிடம் வந்து, தன்னுடைய பெயரைத் தானே கணினியில் அடித்ததாக ஒருதரம் சொன்னார். கேட்டேன் என்று நான் சொல்லவில்லை போலிருக்கிறது, இன்னொருதரமும் சொன்னார்.

பின்னேரம் அறையைப் பூட்டமுன் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கள் சனம் கணினியை விட்டு எழும்பும்போது தங்கள் கணக்கை மூடிவிட்டுப் போவதில்லை. குடும்பச் சண்டையும் காதலும் கடன்காரனின் ஏச்சும் திரையில் திறந்தபடி கிடக்கும். ஒருமுறை ஒருவர், தனக்கு முன் இருந்தவரின் உரையாடலை வாசித்து வெளியே கதைக்க, பேசி முடித்த கல்யாணமொன்று குழம்பிப்போனது. அதன்பிறகு றெஜினா ஒரு பழைய நாட்காட்டி அட்டையில் சிறிய சதுரம் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டார். அட்டையைத் திரைக்கு மேல் பிடித்து, வெளியேறும் பொத்தான் மட்டும் அந்தச் சதுரத்துக்குள் தெரியும்படி நகர்த்தி, அழுத்தி மூடுவார். ஒரு சொல்லும் அவர் கண்ணில் படாது. இது என்ன கூத்து என்று நான் சிரித்தேன்.

"கதவு திறந்து கிடக்குது எண்டு ஆரின்ரையும் வீட்டுக்குள்ள எட்டிப் பாப்பியளோ?" என்று கேட்டார்.

இரவல் கொடுக்கும் கைக்கணினிகளுக்கும் அதே சட்டம்தான். பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்த காலத்தில் பிள்ளைகளுக்கென்று வந்த, 'ரப்' என்று நாங்கள் சொல்லும் தொடுதிரைக் கணினிகள் அவை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு எங்களிடமே தங்கிவிட்டன. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பிக்கலாம். ஒருவர் திருப்பித் தந்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித்தான் றெஜினா அடுத்தவரிடம் கொடுப்பார். அப்படி அழிக்கப்படும் என்று வாசலில் எழுதி ஒட்டியும் இருந்தோம். அந்தச் சட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நான் சொல்லப்போகும் விசயம் அந்தப் பெருமையில்தான் விழுந்தது.

லெட்சுமியம்மா திருக்கேதீஸ்வரம் பக்கத்துக் குடியேற்றத்தில் இருப்பவர். மலைநாட்டில் இருந்து வந்த குடும்பம், வயல்களில் கூலிவேலை. ஒரே மகள் சாந்தி வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியையும் அவள்தான் கொண்டுபோனாள். போகமுன் தன் பழைய இலக்கத்தை வைத்து, நூலக ரப்பில் அம்மாவுக்கு வட்ஸ்அப் திறந்து கொடுத்திருந்தாள். சனிக்கிழமைகளில் லெட்சுமியம்மா பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். எங்கள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தால் நூலகத்தின் இணையம் கிடைக்கும். அந்தக் கிழமைக்குரிய மகளின் குரல்பதிவுகள் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். அவர் அங்கே கேட்கமாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய், வேலை முடிந்து வந்து, நாளுக்கு ஒன்றாகக் கேட்பார்.

ஒரு சனிக்கிழமை ரப் தட்டுப்பாடு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையொன்று காத்திருந்தது. "அம்மா, இதைத் தந்திட்டு அடுத்த கிழமை வந்து எடுங்கோ," என்று றெஜினா கேட்டார். லெட்சுமியம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வந்து இறங்கிய பதிவுகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை. றெஜினா வழக்கம்போல் பார்க்காமல் அழித்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்து, ரப்பை வாங்கி, கொஞ்சநேரம் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மிஸ், இதுல எம்புள்ள பேசுனதெல்லாம் காணோமே?"

நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "அம்மா, திருப்பித் தந்தால் எல்லாம் அழிக்கிறதுதான் இங்கத்தைய விதி. வாசல்ல ஒட்டிக் கிடக்கு."

அவர் என்னையும் றெஜினாவையும் மாறிமாறிப் பார்த்தார். "பொஸ்தகத்தத் திருப்பிக் குடுத்தா, உள்ள இருக்குற எழுத்து போயிருமா சார்? லைபிரரியில பத்திரமா இருக்கும்னுதானே குடுத்தேன்."

பதிவுகள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கணக்கை மறுபடி திறக்க, சாந்தியின் பழைய இலக்கத்துக்கு ஒரு குறியீடு வரும். அந்த சிம் அவளோடு கடல் கடந்துபோய்ச் செயலிழந்துவிட்டது. அவளுடைய புதிய இலக்கம் ரப்புக்குள் மட்டும்தான் இருந்தது. அனுப்பிய முகவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த ஒரே வழி அடைபட்டுவிட்டது.

"விதிப்படிதான் செய்தனாங்கள்," என்று நான் மறுபடி தொடங்கினேன்.

"அண்ணை, கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்றார் றெஜினா. மேசையைச் சுற்றி வெளியே வந்து, வரிசையில் நின்ற அத்தனைபேர் முன்னாலும் லெட்சுமியம்மாவுக்கு நேரே நின்றார். "அம்மா, நான்தான் அழிச்சனான். கேக்காமல் அழிச்சுப்போட்டன். என்ர பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அன்று பின்னேரம்தான், இன்னொருவருக்காக றெஜினா கதிரையில் இருந்து தட்டச்சு செய்ததை முதன்முதலாகப் பார்த்தேன். தூதரகத்துக்கு எழுதினார். வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தால், வேறு கந்தோருக்கு எழுதும்படி வந்தது. உறவுக்காரர் வீட்டுச் சடங்கில் எடுத்த படமொன்றில் சாந்தி ஓரமாக நின்றாள். அதை நகலெடுத்து, அந்த நாட்டில் வேலை செய்யும் மன்னார்ப் பெண்களுக்கும், அங்கே தேவாலயத்தில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூடும் தமிழ்ச் சனத்துக்கும் அனுப்பினார். முகநூலில் சாந்தி என்ற பெயருள்ளவர்களை ஒவ்வொருவராகத் தட்டினார். மின்சாரம் போனால் வரும்வரை இருட்டுக்குள் இருப்பார். லெட்சுமியம்மா சனிக்கிழமை தவறாமல் வந்து அதே வாங்கில் இருப்பார். றெஜினா தேத்தண்ணியோடு போய், "இன்னும் ஒண்டும் இல்லை அம்மா," என்று சொல்லிவிட்டு வருவார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு வந்து அவர் கதிரையில் விழுவதைப் பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கும். இதை விட்டுவிடுமாறு சொன்னேன். அவருக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில் சாந்தியைக் கண்டது பேசாலைப் பெண் ஒருத்தி, அங்கே ஒரு வைத்தியசாலை வரிசையில். படத்தில் கண்ட முகம் என்று அருகில் போய்க் கேட்டு, இலக்கத்தை வாங்கி றெஜினாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை, வேப்பமரத்தின் கீழ், றெஜினா புதுக் கணக்குத் திறந்து வைத்திருந்த ரப்பில் அழைப்பு வந்தது. மகளின் முதல் கேள்வி முற்றம் முழுக்கக் கேட்டது. "ஏம்மா நான் பேசுனது எதையும் கேக்கல? எம்மேல கோவமா?" இந்தப் பக்கம் எதுவும் வந்து சேரவில்லை என்று அறியாமல், அத்தனை மாதமும் அவள் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். லெட்சுமியம்மா அழுதுகொண்டே, "இல்லம்மா, தேடிக்கிட்டுத்தான் இருந்தோம்," என்றார். றெஜினா எழும்பி மதிலோரம் போய், வெயிலுக்குள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ரப்பை வாங்கி அவர் கேட்டது ஒன்றுதான். அம்மா கேட்கமுன் தான் அழித்த அந்தக் கிழமைப் பதிவுகளில் என்ன இருந்தது?

"நெனவில்ல மிஸ். சாப்பிட்டியாம்மான்னுதான் கேட்டிருப்பேன்," என்றாள் சாந்தி.

அவள் ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். றெஜினா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் வாசலில் இருந்த அறிவித்தலைக் கிழித்தார். அதற்குப் பிறகு யார் ரப்பைத் திருப்பித் தந்தாலும், "உள்ளுக்க உங்கட ஆக்களின்ர குரல், படம் ஏதும் கிடக்கோ? கேட்டு முடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அதைக் கையில் வாங்குவார்.

சில மாதங்களில், காலில் வீக்கமாகத் தொடங்கிய வருத்தம் அவரைப் பாயில் போட்டது.

செத்தவீட்டுக்கு லெட்சுமியம்மா கீரிவரைக்கும் வந்திருந்தார். அங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் அழுத அழுகையைப் பார்த்து, றெஜினாவின் மச்சாள் வந்து, "நீங்கள் ஆர் அம்மா, என்ன முறை?" என்று கேட்டார்.

லெட்சுமியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மொறை ஒண்ணும் இல்லீங்க. மிஸ் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. இத்தன வயசுக்கு எத்தன கந்தோரு ஏறி எறங்கியிருப்பேன். பிழை எம்மேலதான்னு சொன்ன ஒரே ஆளு இவங்கதான்."

மச்சாளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கிச் சொல்லவும் இல்லை.

ரப்பை வாங்குமுன் கேட்கும் பழக்கம் இப்போது நூலகத்தின் பழக்கம். அது என்னுடையது என்று நான் சொல்ல முடியாது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவர் மேசையைச் சுற்றி வந்து நின்ற அந்த நிலையும் 'என்ர பிழை' என்ற அந்த இரண்டு சொல்லும்தான். அவை சுலபமாக வாயில் வருவதில்லை. ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது, உடம்பு அலுத்துவிட்டது, யார் முறையிட்டு வந்தாலும் விதிதான் முதலில் நாக்கில் நிற்கிறது.

போன சனிக்கிழமை காலையில் மின்சாரம் போய் வந்தது. இணையப் பெட்டியை மறுபடி போட நான் மறந்துபோனேன். அதைச் செய்வது எப்போதும் றெஜினாதான். மத்தியானம் வெளியே வந்தபோது லெட்சுமியம்மா வாங்கில் இருந்தார். காலை பஸ்ஸில் வந்து, ஒன்றும் வராத ரப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல் இருந்திருக்கிறார். கரண்ட் வேலை அம்மா, எங்களால் என்ன செய்யலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு அவருக்கு நேரே போய் நின்றேன்.

"நான்தான் போட மறந்தனான், அம்மா. என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் வாங்கில் ஒரு பக்கமாக நகர்ந்து, "ஒக்காருங்க சார்," என்றார்.