ஒரு விரலை மட்டும் தேய்த்தவர்

எங்கள் காஞ்சிபுரம் தொகுதியை நம்பி எந்தக் கட்சிக்காரரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஒரு தேர்தலில் ஒருத்தரைத் தோளில் தூக்கி வைத்து ஆடும். அடுத்ததில் அவரையே இறக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்படி மாறி மாறி எல்லாரையும் ஜெயிக்க வைத்த ஊரில், ஒரே ஒருத்தர் மட்டும் ஜெயித்ததே இல்லை. என் பெரியப்பா. ஓட்டு வந்த நாளிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் போட்டவர், அவர் போட்ட ஆள் ஒரு தடவைகூடக் கரையேறவில்லை.

வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தே நூல் எந்தச் சிவப்புக்கு வரும் என்று சொல்லிவிடுவார். ஊர் மனசு மட்டும் அவருக்குப் பிடிபடாது. அலை இந்தப் பக்கம் அடித்தால் இவர் அந்தப் பக்கம் நிற்பார். வெறுத்துப்போய் ஒரு தடவை சுயேச்சைக்குப் போட்டார். அந்த ஆளுக்கு டெபாசிட்டே போய்விட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இவரைக் கண்டதும் கும்பிட்டு, தயவுசெய்து எங்களுக்குப் போட்டுவிடாதீர்கள் என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தனியாக இருக்கும்போது என்னிடம் சொல்வார், சாவதற்குள் ஒரு தடவையாவது ஜெயித்தவனுக்குப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று.

கடந்த சட்டமன்றத் தேர்தலில் நான் முதன்முறையாக ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மாதம் முழுக்க வெயிலில் வீடு வீடாக அலைந்ததில் எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. இந்தத் தடவை என் ஓட்டு உங்கள் கட்சிக்குத்தான் என்று பெரியப்பா சொன்னார். எனக்குப் பக்கென்றது.

ஓட்டுப் பதிவு அன்று காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மை வைக்கிற அதிகாரி வெளியூர்க்காரர். நீட்டிய கையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது விரலும் கருநீலம். இடது ஆள்காட்டி விரல் மட்டும் தோல் உரிந்து வெளுத்து, நகத்தடியில் கொஞ்சம் கறையோடு இருந்தது. மை வைக்க இடம் வேண்டுமே என்று முந்தின நாள் பூரா அந்த ஒரு விரலை மட்டும் எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார் மனுஷன். பார்த்தால் மையை அழித்துவிட்டு இரண்டாவது ஓட்டுப் போட வந்தவர் மாதிரியே இருந்தது. அதிகாரியும் அப்படித்தான் சொல்லி, ஓரமாக நிற்க வைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்கு வாய் குழறியது. என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான் வாயைத் திறக்கவில்லை. இவர் போடாவிட்டால் நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்று ஒரு கெட்ட புத்தி. இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

அப்புறம்தான் எழுந்தேன். "சார், அது மை இல்ல, சாயம். மத்த ஒம்போது விரலயும் பாருங்க," என்று கத்தினேன். எங்களை எதிர்த்து நின்றவரின் ஏஜென்ட் ஜரிகை வியாபாரம் செய்கிற பாய். அவரும் எழுந்து, இவர் எங்கள் தெருக்காரர், இன்னும் ஓட்டுப் போடவில்லை என்றார். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். பெரியப்பா பெயரில் கோடு விழவில்லை. மை வைத்தார். பெரியப்பா அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே மறைப்புக்குப் பின்னால் போனார். மெஷின் சத்தம் கேட்டதும்தான் நானும் பாயும் உட்கார்ந்தோம்.

எண்ணிக்கை நாளன்று செவிலிமேடு பக்கத்துப் பெட்டிகளில் பின்தங்கினோம். உங்கள் பெரியப்பா ராசி வேலையைக் காட்டிவிட்டது என்று கூட இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். எங்கள் தெருக்களின் பெட்டிகள் வந்ததும் ஏறினோம் பாருங்கள், அப்புறம் இறங்கவே இல்லை. ஜெயித்தே விட்டோம். லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்கு ஓடினேன். வழியில் செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"பெரியப்பா, நீங்க போட்டவரு ஜெயிச்சிட்டாரு," என்று வாசலிலிருந்தே கூவினேன்.

கொப்பரையில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லமா. நீ வெயில்ல நாயா அலஞ்சிக்கினு இருந்தத பாத்தனா. பட்டன் கிட்ட போனதும் மனசு கேக்கல. அந்தாண்ட அமுக்கிட்டேன்."

லட்டு எடுக்க ஈரக் கையை வேட்டியில் துடைக்கப் போனார். நான் துடைக்க விடவில்லை. நானே ஒன்றை எடுத்து அவர் வாயில் ஊட்டினேன்.